சம்பளக்காரர், சொந்தத் தொழில்காரர்: பட்ஜெட் யாருக்கு எப்படி வரி போடுது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருஷா வருஷம் பிப்ரவரி 1 அன்னிக்கு பட்ஜெட் முடிஞ்ச கையோட இதே கேள்விகள்தான் வருது. நான் ரிட்டர்ன் போட்டுக் குடுக்கற வேலைல இருக்கறதால மாச சம்பளக்காரங்க புலம்பலும் கேக்கறேன், கடைக்காரங்க, ஃப்ரீலான்ஸர்ங்க புலம்பலும் கேக்கறேன். ரெண்டு பேருமே அடுத்தவன்தான் தப்பிச்சுட்டான்னு நினைக்கறாங்க. கீழ இருக்கற கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, புது வரிமுறைக்கு (ரேட் கம்மி, ஆனா பழைய முறைல இருந்த கழிவுகள் பெரும்பாலும் இல்லாத முறை). பிரிவு நம்பர்லாம் பழைய 1961 சட்டத்து நம்பர்தான் போட்டிருக்கேன், 2026 ஏப்ரல் 1லேர்ந்து புது வருமான வரிச் சட்டம் வந்து நம்பர் மாறிடுச்சு, ஆனா 2025-26 வருமானம் பழைய சட்டத்துலதான் வருது, வாய்ல வர்றதும் இன்னும் பழைய நம்பர்தான்.

சம்பளக்காரருக்கு தனி ஸ்லாப், பிசினஸ்காரருக்கு தனி ஸ்லாப்பா?

இல்ல. ஸ்லாப் எல்லாருக்கும் ஒண்ணேதான். 4 லட்சம் வரைக்கும் ஒண்ணும் இல்ல, 4லேர்ந்து 8 வரை 5 சதவீதம், 8லேர்ந்து 12 வரை 10, 12லேர்ந்து 16 வரை 15, 16லேர்ந்து 20 வரை 20, 20லேர்ந்து 24 வரை 25, அதுக்கு மேல 30. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள்ள இருந்தா 87ஏ தள்ளுபடி வந்து வரி பூஜ்யமாயிடும், அதுவும் ரெண்டு பேருக்கும் பொதுதான்.

வித்தியாசம் ஸ்லாப்ல இல்ல, "வருமானம்"னு எதை எடுத்துக்கறாங்கங்கறதுல இருக்கு. சம்பளக்காரருக்கு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே கம்பெனி கணக்குப் போட்டு புடிச்சுடும், அவர் கழிக்கறதுக்குன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. தொழில் பண்றவர் செலவு போக மிச்சத்தைத்தான் வருமானம்னு காட்டுவார், அந்த மிச்சம் எவ்ளோன்னு சொல்றவரும் அவரேதான்.

அப்போ சம்பளக்காரருக்கு செலவே கழிக்க முடியாதா? நான் என் சொந்த லேப்டாப்லதான வேலை பாக்கறேன்?

முடியாதுங்க. லேப்டாப், பெட்ரோல், வீட்டு இன்டர்நெட், ஆபீஸ் போற சட்டை, எதுவும் கிடையாது. அதுக்கெல்லாம் சேத்து மொத்தமா ஒரு தொகை குடுக்கறாங்க, அதான் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், புது முறைல 75,000 ரூபா, பழைய முறைல 50,000. பில் கேக்க மாட்டாங்க, செலவே பண்ணலன்னாலும் கிடைக்கும்.

இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. முன்னாடி இருந்த ஸ்டாண்டர்ட் டிடக்ஷனை 2005 பட்ஜெட்ல தூக்கிட்டாங்க. பதிமூணு வருஷம் கழிச்சு 2018ல அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி 40,000 ரூபான்னு திரும்பக் கொண்டு வந்தார், ஆனா அதே கையால போக்குவரத்து அலவன்ஸ் 19,200, மெடிக்கல் பில் 15,000 ரெண்டையும் எடுத்துட்டார். கூட்டினா 34,200. நிகர லாபம் 5,800 ரூபா. அன்னிக்கு கைதட்டினவங்க நிறைய பேர் இதைக் கூட்டிப் பாக்கல. அடுத்த வருஷம் இடைக்கால பட்ஜெட்ல 50,000 ஆச்சு, 2023ல புது முறைக்கும் நீட்டினாங்க, 2024 ஜூலைல நிர்மலா சீதாராமன் புது முறைக்கு மட்டும் 75,000 ஆக்கினார்.

அதனாலதான் "12 லட்சம் வரைக்கும் வரி இல்ல"ங்கறது சம்பளக்காரருக்கு 12 லட்சத்து 75 ஆயிரம்னு வருது.

சம்பளக்காரன் தலைலதான் எல்லா வரியும்னு சொல்றது உண்மையா?

ஜேட்லி அந்த 2018 பட்ஜெட் உரைலயே கணக்கு சொன்னார். 2016-17 மதிப்பீட்டு ஆண்டுல ரிட்டர்ன் போட்ட சம்பளக்காரங்க 1.89 கோடி பேர், அவங்க கட்டினது 1.44 லட்சம் கோடி ரூபா, சராசரி ஒருத்தருக்கு 76,306. தொழில் பண்ற தனிநபர்கள், டாக்டர் வக்கீல் எல்லாம் சேத்து, 1.88 கோடி பேர், கட்டினது 48,000 கோடி, சராசரி 25,753. கிட்டத்தட்ட சம அளவு ஆளுங்க, மூணுல ஒரு பங்கு வரி.

இதைக் காட்டி வியாபாரி எல்லாம் திருடன்னு சொல்றவங்க இருக்காங்க, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏன்னா அந்த 1.88 கோடில நிறைய பேர் லோனுக்காக ரிட்டர்ன் போடற சின்ன மளிகைக்கடை, டெய்லர், ஆட்டோ ஸ்பேர் கடைக்காரங்க, நிஜமாவே வருமானம் கம்மி. ஆனா மிச்சம் இருக்கறவங்க விஷயத்துல சந்தேகம் வர்றது நியாயம்தான். சம்பளக்காரர் மறைக்கணும்னு நினைச்சாலும் மறைக்க முடியாது, அவர் பேன் நம்பர்ல கம்பெனி முன்னாடியே ஏத்திடுது. யோக்கியதைல ஒசத்தி தாழ்த்தி எல்லாம் இல்ல, ஒருத்தருக்கு வாய்ப்பு இருக்கு, ஒருத்தருக்கு இல்ல.

44ஏடிஏ, 44ஏடின்னு சொல்றாங்களே, அது என்ன?

இந்தப் பக்கத்துல முக்கியமான கேள்வியே இதான், கொஞ்சம் நிதானமா படிங்க.

சின்னத் தொழில் பண்றவங்க நோட்டு எழுதி, பில் சேத்து வெச்சு, ஆடிட் பண்ணி அல்லாட வேணாம்னு அரசாங்கம் ஒரு உத்தேசக் கணக்கு வெச்சிருக்கு. மொத்த வரவுல இவ்ளோ சதவீதம் லாபம்னு எடுத்துக்கறேன், நீ செலவு பில் எதுவும் காட்ட வேணாம், நானும் கேக்கல. அவ்ளோதான் விஷயம்.

44ஏடிஏ புரொஃபஷனல்களுக்கு. டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், கணக்காளர், டெக்னிகல் கன்சல்டன்ட், இன்டீரியர் டெக்கரேட்டர், அப்புறம் அரசு அறிவிச்ச சினிமா கலைஞர்கள், ஐடி துறை, கம்பெனி செக்ரட்டரி மாதிரி. மொத்த வரவுல பாதி வருமானம்னு எடுத்துப்பாங்க. 2016 பட்ஜெட்ல வந்தது, வரம்பு 50 லட்சம், ரொக்கமா வாங்கினது 5 சதவீதத்துக்குள்ள இருந்தா 75 லட்சம் வரைக்கும்.

44ஏடி வியாபாரத்துக்கு. பேங்க், யுபிஐ வழியா வந்த விற்பனைக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம். வரம்பு 2 கோடி, ரொக்கம் 5 சதவீதத்துக்குள்ள இருந்தா 3 கோடி.

லாரி வெச்சிருக்கறவங்களுக்கு 44ஏஈ, பத்து வண்டிக்கு மேல இருக்கக் கூடாது, சின்ன வண்டிக்கு மாசம் 7,500, கனரக வண்டிக்கு டன்னுக்கு மாசம் 1,000னு லாபம் வெச்சுப்பாங்க.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, இந்த சதவீதம் எல்லாம் குறைஞ்சபட்சம். அதுக்கு மேல சம்பாதிச்சதா நீங்களே சொன்னா அதுக்குத்தான் வரி. நாமளே முன்வந்து கூடச் சொல்றவங்களை நான் விரல் விட்டு எண்ணிடுவேன்.

அதே 15 லட்சம், ஒருத்தர் சம்பளமா வாங்கறார், ஒருத்தர் ஃப்ரீலான்ஸா வாங்கறார். வரி எவ்ளோ?

சம்பளக்காரர்: 15 லட்சத்துல 75,000 போக 14,25,000. முதல் 4 லட்சத்துக்கு இல்ல, அடுத்த 4க்கு 20,000, அடுத்த 4க்கு 40,000, மிச்சம் 2.25 லட்சத்துக்கு 15 சதவீதம்னா 33,750. மொத்தம் 93,750. செஸ் 4 சதவீதம் சேத்தா 97,500 ரூபா.

ஃப்ரீலான்ஸ் சாஃப்ட்வேர் ஆள், 44ஏடிஏ: 15 லட்சத்துல பாதி 7.5 லட்சம். 12 லட்சத்துக்குள்ள. வரி பூஜ்யம்.

இன்னும் மேல போலாம். 24 லட்சம் பில் போடற ஃப்ரீலான்ஸருக்கு உத்தேச வருமானம் சரியா 12 லட்சம், வேற வருமானம் எதுவும் இல்லன்னா அப்பவும் பூஜ்யம். அதே 24 லட்சம் சம்பளம் வாங்கறவர் செஸ்ஸோட 2,92,500 கட்டணும். கடை வெச்சிருந்தா இன்னும் ஆச்சரியம், வருஷம் 2 கோடிக்கு முழுக்க யுபிஐ, பேங்க்லயே வித்தா 6 சதவீதம் 12 லட்சம், மறுபடியும் பூஜ்யம்.

இந்தக் கணக்கை முதல் தடவை பாக்கற ஐடி கம்பெனிக்காரங்க முகத்தை நீங்க பாக்கணும்.

இது அநியாயம் இல்லையா?

யாரைச் சொல்றீங்கங்கறதைப் பொறுத்தது. ஒரு லேப்டாப், ஒரு ஃபைபர் கனெக்ஷன், கரண்ட் பில், இதான் செலவுன்னு இருக்கற ஆளுக்கு 50 சதவீதம் செலவுன்னு ஒத்துக்கறது பெரிய சலுகைதான், அதுல சந்தேகமே இல்ல. அதே பிரிவுல வர்ற பல் டாக்டரை எடுத்துக்கோங்க, கிளினிக் வாடகை, நர்ஸ் சம்பளம், சேர், எக்ஸ்ரே மிஷின் இஎம்ஐ எல்லாம் போனா பாதி கூட மிஞ்சாது. அவர் நிஜ லாபம் 35 சதவீதம்தான்னு காட்டணும்னா நோட்டு எழுதணும், ஆடிட் பண்ணணும்.

கடைக்காரர் விஷயமும் அப்படித்தான். மளிகைல, மொபைல் ரீசார்ஜ்ல எல்லாம் 6 சதவீதம் நிக்கறதே கஷ்டம். அதே பிரிவுல வர்ற ஃபேன்ஸி ஸ்டோர்ல, சின்ன ஹோட்டல்ல லாபம் பல மடங்கு. ஒரே அளவுகோல வெச்சு எல்லாரையும் அளந்தா சிலருக்கு லாட்டரி, சிலருக்கு நஷ்டம். என்னைக் கேட்டா சலுகை குடுத்ததுல தப்பில்ல, 87ஏ தள்ளுபடி வரம்பை 12 லட்சமா ஏத்தினப்ப இந்த 50 சதவீதத்தோட சேந்து என்ன ஆகும்னு யோசிக்காம விட்டதுதான் கோளாறு. வருமானம் 5 லட்சம், 7 லட்சம் வரைதான் தள்ளுபடின்னு இருந்த காலத்துல இந்த இடைவெளி இவ்ளோ பெருசா தெரியல.

நான் கன்டென்ட் ரைட்டர் / கிராஃபிக் டிசைனர். எனக்கு 44ஏடிஏ வருமா?

பட்டியல்ல உங்க பேர் நேரடியா இல்ல. சிலர் 44ஏடில போடறாங்க, சிலர் 44ஏடிஏல போடறாங்க, ரெண்டுக்கும் வாதம் இருக்கு. உங்க பில்லுல டிடிஎஸ் (பணம் குடுக்கறவங்க முன்கூட்டியே புடிச்சுக் கட்டற வரி) 194ஜேல, அதாவது புரொஃபஷனல் கட்டணத்துக்கான பிரிவுல, புடிச்சிருந்து நீங்க 44ஏடில 6 சதவீதம் லாபம்னு காட்டினா கம்ப்யூட்டரே கண்ணைச் சிமிட்டும். 50 சதவீதம் காட்டிட்டுப் போறது தூக்கத்துக்கு நல்லது.

இன்சூரன்ஸ் ஏஜென்ட், கமிஷன் புரோக்கர்ங்களுக்கு 44ஏடி கிடையவே கிடையாது. அவங்க நிஜக் கணக்கு எழுதி ஐடிஆர்-3 (தொழில் வருமானத்துக்கான ரிட்டர்ன் படிவம்) தான் போடணும்.

டிடிஎஸ் ரெண்டு பேருக்கும் புடிக்கறாங்களே, என்ன வித்தியாசம்?

சம்பளத்துல புடிக்கறது கிட்டத்தட்ட துல்லியமா இருக்கும், வருஷக் கடைசில ஃபார்ம் 16 (கம்பெனி குடுக்கற சம்பளம், டிடிஎஸ் சான்று) வரும், அதைப் பாத்து பத்து நிமிஷத்துல ஐடிஆர்-1 போட்டுடலாம்.

ஃப்ரீலான்ஸருக்கு 194ஜேல மொத்த பில்லுல 10 சதவீதம், லாபத்துல இல்ல, மொத்தத்துல. டெக்னிகல் சர்வீஸ்னா 2 சதவீதம். வரம்பு வருஷம் 30,000ஆ இருந்தது, 2025 ஏப்ரல்லேர்ந்து 50,000. ஜாப் ஒர்க், கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு 194சி, தனிநபருக்கு 1 சதவீதம். மேல சொன்ன 15 லட்சம் ஆளுக்கு வரியே இல்ல, ஆனா 10 சதவீதத்துல புடிச்சா 1.5 லட்சம் புடிச்சு வெச்சிருப்பாங்க, ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வர்ற வரைக்கும் அது அரசாங்கத்துக் கிட்ட வட்டியில்லாக் கடன் மாதிரி கிடக்கும் (ரீஃபண்டோட கொஞ்சம் வட்டி வரும், அந்த வட்டிக்கும் வரி உண்டு, சிரிக்காதீங்க). மாசாமாசம் கைல புரள்ற காசுல பத்துல ஒண்ணு போறது சின்ன ஆளுக்கு வலிக்கும்.

வெளிநாட்டு கிளையன்ட் டிடிஎஸ் புடிக்க மாட்டார். நிறைய பேர் மாட்டிக்கறது அங்கதான், யாரும் புடிக்கலன்னா வரி இல்லன்னு அர்த்தம் இல்ல, அட்வான்ஸ் டாக்ஸ் (வருஷம் முடியறதுக்கு முன்னாடியே கட்டற வரி) நீங்களே கட்டணும்.

அட்வான்ஸ் டாக்ஸ் யாருக்கு, எப்போ?

டிடிஎஸ் போக கட்ட வேண்டியது 10,000 ரூபாயோ அதுக்கு மேலயோ வந்தா கிட்டத்தட்ட எல்லாருக்கும். ஜூன் 15க்குள்ள 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள்ள மொத்தம் 45, டிசம்பர் 15க்குள்ள 75, மார்ச் 15க்குள்ள முழுசும். 44ஏடி, 44ஏடிஏ உத்தேசக் கணக்குல இருக்கறவங்களுக்கு மார்ச் 15 ஒரே தவணை போதும். தவறினா 234பி, 234சில மாசம் 1 சதவீதம் வட்டி. சம்பளக்காரருக்கு வேற வருமானம் இல்லன்னா இந்தத் தலைவலி இல்ல.

ஜிஎஸ்டி சம்பளக்காரருக்கு ஏன் இல்ல?

ஜிஎஸ்டி சட்டத்துலயே மூணாவது அட்டவணைல, தொழிலாளி முதலாளிக்குச் செய்யற வேலை சப்ளையே இல்லன்னு எழுதிட்டாங்க. ஒரு கோடி சம்பளம் வாங்கினாலும் ஜிஎஸ்டி கிடையாது. ஃப்ரீலான்ஸர் வருஷம் 20 லட்சத்தைத் தாண்டினா பதிவு பண்ணணும், பெரும்பாலான சேவைக்கு 18 சதவீதம். பொருள் விக்கறவங்களுக்கு தமிழ்நாட்டுல 40 லட்சம் வரம்பு.

கிளையன்ட் கம்பெனியா இருந்தா பிரச்சனை கம்மி, அவங்க உள்ளீட்டு வரியா திரும்ப எடுத்துப்பாங்க. ஆனா உங்க கஸ்டமர் சாதாரண குடும்பமா இருந்தா, கல்யாண போட்டோகிராஃபர், வீட்டு இன்டீரியர் பண்றவர் மாதிரி, அந்த 18 சதவீதத்தை யார் குடுப்பா? பேரம் பேசி பேசி உங்க லாபத்துலேர்ந்துதான் போகும். மேல "24 லட்சத்துக்கு பூஜ்யம்"னு சொன்னேனே, அந்த ஆள் 20 லட்சத்தைத் தாண்டிட்டதால ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கிட்டு இருப்பார், அதையும் சேத்துப் பாருங்க. வெளிநாட்டு கிளையன்ட்னா எல்யூடி (ஜிஎஸ்டி துறைக்குக் குடுக்கற உறுதிமொழிக் கடிதம்) குடுத்துட்டா வரி இல்லாம பில் போடலாம், ஆனா பதிவும் ரிட்டர்னும் உண்டு.

யுபிஐல பணம் வாங்கினா மாட்டிப்போமா?

யுபிஐக்குன்னு வரி இல்ல. விற்பனைக்குத்தான். 2025 ஜூலைல கர்நாடகா வணிக வரித்துறை யுபிஐ வரவை வெச்சு சின்னக் கடைக்காரங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினதும், பெங்களூர்ல பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடைல எல்லாம் க்யூஆர் கோடைக் கிழிச்சுட்டு "ரொக்கம் மட்டும்"னு அட்டை தொங்கவிட்டாங்க. இத்தனைக்கும் காய்கறி, பால் மாதிரி பொருளுக்கு ஜிஎஸ்டியே கிடையாது.

நிஜமான சிக்கல் வேற. என் கிட்ட ஃப்ளெக்ஸ் பிரின்டிங் கடை வெச்சிருக்கற ஒரு அண்ணன் வருவார், கைல ஜிபே ஸ்டேட்மென்ட் பிரின்ட் அவுட் கத்தையா இருக்கும். அதுல ஒரு வரி "பேனர் 6 அடி" 900 ரூபா வரவு, அடுத்த வரி மச்சான் திருப்பிக் குடுத்த கைமாத்து 20,000, அடுத்து பொண்ணு ஸ்கூல் ஃபீஸ், அடுத்து இங்க் வாங்கினது, அதுக்கடுத்து சீட்டுப் பணம் எடுத்தது. எது விற்பனை, எது வீட்டுக் காசுன்னு அவரும் நானும் பேனாவால டிக் போட்டுக்கிட்டே உக்காந்திருப்போம். மச்சான் குடுத்த 20,000 விற்பனைல சேந்தா அதுக்கும் வரிக் கணக்கு வரும். கடைக்கு தனி கரன்ட் அக்கவுன்ட் வெச்சுக்கோங்கன்னு சொன்னா "பாத்துக்கலாம் தம்பி"ம்பார்.

சம்பளக்காரருக்கு இந்த வேலையை ஹெச்ஆர் டிபார்ட்மென்ட் சும்மா செஞ்சு குடுக்குது. அதோட விலை எந்த பட்ஜெட் கணக்குலயும் வராது.

பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் வரியில சேருமா? அதை ஏன் இங்க பேசணும்?

பேசித்தான் ஆகணும், இல்லன்னா கணக்கு பாதிதான். சம்பளக்காரருக்கு கம்பெனி தன் பங்கா 12 சதவீதம் பிஎஃப் கட்டுது, அந்தப் பணத்துக்கு அவருக்கு வரி இல்ல (பிஎஃப், தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ், கம்பெனி ஓய்வூதிய நிதியான சூப்பரானுவேஷன் சேத்து வருஷம் 7.5 லட்சம் வரைக்கும், 2020 பட்ஜெட்ல வெச்ச வரம்பு). கிராஜுவிட்டி 20 லட்சம் வரை வரி இல்ல, ரிட்டயர் ஆகும்போது லீவ் சம்பளம் தனியார்ல 25 லட்சம் வரை வரி இல்ல. மாசம் 21,000க்குள்ள சம்பளம்னா இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு, கம்பெனி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டணும்.

என்பிஎஸ்ல பாருங்க, அநியாயம் கண்ணுக்கு நேரா தெரியும். புது முறைல கம்பெனி ஊழியருக்காக கட்டற என்பிஎஸ், அடிப்படைச் சம்பளத்துல 14 சதவீதம் வரைக்கும் கழிக்கலாம். தொழில் பண்றவருக்கு கட்ட முதலாளி யாரும் இல்ல, அவரே கட்டினா புது முறைல ஒரு ரூபா கூட கழிக்க முடியாது. ரெண்டு பேரும் வயசான காலத்துக்குத்தான் சேக்கறாங்க. வாடகையும் அதே மாதிரி, பழைய முறைல ஊழியருக்கு ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) லட்சக்கணக்குல கழியும், சொந்தத் தொழில்காரருக்கு 80ஜிஜில மாசம் 5,000க்கு மேல கிடையாது. கோயமுத்தூர்ல கூட 5,000க்கு என்ன வீடு கிடைக்கும்?

மெடிக்கல் இன்சூரன்ஸ் ஊழியருக்கு குரூப் பாலிசில வந்துடும், மத்தவங்க சொந்தக் காசுல எடுக்கணும். இதுல ஒரு நல்லது நடந்துச்சு, 2025 செப்டம்பர் 22லேர்ந்து தனிநபர் ஹெல்த், லைஃப் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி எடுத்துட்டாங்க.

எங்க கம்பெனில "எம்ப்ளாயியா வேணாம், கன்சல்டன்ட்டா மாறிடுங்க, டாக்ஸ் மிச்சம்"ங்கறாங்க. மாறலாமா?

யாருக்கு மிச்சம்னு முதல்ல கேளுங்க.

15 லட்சம் சம்பளம், அதுல பாதி பேசிக், கம்பெனி பிஎஃப் அதுக்கு மேல தனியா கட்டுதுன்னு வெச்சுப்போம். மாறினா உங்களுக்கு மிச்சம் 97,500 வரி. போறது: 7.5 லட்சம் பேசிக்ல 12 சதவீதம் பிஎஃப் 90,000. கிராஜுவிட்டி வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாசம் 62,500 பேசிக்னா 15/26 போட்டா சுமார் 36,000 (அஞ்சு வருஷம் முடிச்சாத்தான் கிடைக்கும்ங்கறதையும் பாத்துக்கோங்க). ரெண்டும் சேத்து 1,26,000. இன்சூரன்ஸ், சம்பளத்தோட லீவ், நோட்டீஸ் பீரியட் எல்லாம் இன்னும் கணக்குல சேக்கல. நஷ்டம் உங்களுக்கு, லாபம் கம்பெனிக்கு. அதே கம்பெனி 15,000 உச்சவரம்புக்கு மட்டும் பிஎஃப் கட்டுதுன்னா வருஷம் 21,600தான், அப்போ கணக்கு உங்க பக்கம் திரும்பலாம். சிடிசிக்குள்ளயே (கம்பெனி உங்களுக்காகப் பண்ற மொத்தச் செலவு) பிஎஃப் இருந்து, முழு சிடிசியையும் பில்லா குடுக்க ஒத்துக்கிட்டாலும் அப்படித்தான். ஆக உங்க சம்பளச் சீட்டை எடுத்து வெச்சுக்கிட்டு பேசுங்க.

இன்னொண்ணு, பேர் மாத்தினா மட்டும் போதாது. ஒன்பது மணிக்கு வரணும், மேனேஜர் சொல்றதைத்தான் செய்யணும், லீவு கேட்டு எடுக்கணும், வேற யாருக்கும் வேலை செய்யக் கூடாதுன்னு இருந்தா அது வேலைதான், தொழில் இல்ல. வேலையோட முறையை யார் கட்டுப்படுத்தறாங்கன்னு பாக்கற சோதனையை சுப்ரீம் கோர்ட் 1956ல தராங்கதரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்குலயே பேசிடுச்சு, உப்பளத் தொழிலாளிகள் வழக்கு அது. அதிகாரி அதைச் சம்பளம்னு எடுத்துக்கிட்டா 50 சதவீதக் கழிவு போச்சு.

ஸ்விக்கி, ஸொமேட்டோ ஓட்டறவங்க, ஓலா ஓட்டறவங்க?

வருமான வரி அவங்களுக்குப் பெரும்பாலும் வராது, வருமானம் அந்த அளவுக்குப் போறதில்ல. ஆனா வரியே கட்டலன்னு சொல்லாதீங்க, நாள் பூரா வண்டி ஓட்டறவர் போடற பெட்ரோல்ல மத்திய எக்ஸைஸும் மாநில வாட்டும் இருக்கு, பெட்ரோல் ஜிஎஸ்டிலயே இல்லாததால அதைத் திரும்ப எடுக்க வழியும் கிடையாது.

அவங்க பிரச்சனை வரி இல்ல, அவங்களுக்காக யாரும் பங்கு கட்டறதில்லங்கறதுதான். 2025 மத்திய பட்ஜெட்ல இ-ஷ்ரம் (அமைப்புசாராத் தொழிலாளர் பதிவுத் தளம்) பதிவு, அடையாள அட்டை, பிஎம் ஜேஏஒய் மருத்துவக் காப்பீடுன்னு அறிவிச்சாங்க, கிட்டத்தட்ட ஒரு கோடி பேருக்குன்னு. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020ல போட்டது, 2025 நவம்பர் 21லதான் அமலுக்கு வந்துச்சு, அதுப்படி ஆப் கம்பெனிங்க ஆண்டு விற்றுமுதல்ல 1லேர்ந்து 2 சதவீதம் நிதிக்குக் கட்டணும், தொழிலாளிகளுக்குக் குடுக்கறதுல 5 சதவீதத்தைத் தாண்டாம. தமிழ்நாட்டுல இப்படி ஆப் வழியா வேலை பாக்கற கிக் தொழிலாளர்களுக்கு 2023லேயே தனி நல வாரியம் வந்துடுச்சு, 2025-26 மாநில பட்ஜெட்ல வாரியத்துல பதிஞ்ச 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 மானியம்னு சொன்னாங்க. 2,000 பேர்ங்கறது சென்னைல ஒரு ஏரியாவுக்கே பத்தாது.

தொழில் வரின்னு முனிசிபாலிட்டில கேக்கறாங்களே?

அது ரெண்டு பேருக்கும் உண்டு. அரசியல் சாசனம் 276ஆவது பிரிவுப்படி வருஷம் 2,500க்கு மேல போட முடியாது. தமிழ்நாட்டுல உள்ளாட்சி அரையாண்டுக்கு ஒரு தடவை வாங்குது. ஊழியருக்கு கம்பெனி புடிச்சுக் கட்டிடும், கடைக்காரர் தானே போய்க் கட்டணும்.

பழைய முறை, புது முறை மாத்தி மாத்திப் போகலாமா?

சம்பளக்காரர் வருஷா வருஷம் எது லாபமோ அதுக்குப் போலாம். தொழில் வருமானம் இருக்கறவர் பழைய முறைக்குப் போக ஃபார்ம் 10-ஐஈஏ கெடு தேதிக்குள்ள போடணும், திரும்ப புது முறைக்கு வந்துட்டா அவ்ளோதான், தொழில் இருக்கற வரைக்கும் மறுபடி பழையதுக்குப் போக முடியாது. 44ஏடிலயும் ஒரு பூட்டு இருக்கு, அதுல சேந்துட்டு அஞ்சு வருஷத்துக்குள்ள வெளிய வந்தா அடுத்த அஞ்சு வருஷம் உள்ள விட மாட்டாங்க.

வருமானம் கம்மியா காட்டினா நல்லதுதான?

ஹோம் லோனுக்குப் போற அன்னிக்குத் தெரியும். சம்பளக்காரர் மூணு மாச பே ஸ்லிப் குடுத்தா போதும், உங்க கிட்ட ரெண்டு மூணு வருஷ ரிட்டர்ன் கேப்பாங்க, அதுல காட்டின வருமானத்துக்குத்தான் கடன். மூணு லட்சம் காட்டிட்டு ஐம்பது லட்சம் லோன் கேட்டா மேனேஜர் காபி மட்டும்தான் குடுப்பார்.

வெளிநாட்டுல எப்படி?

பிரிட்டனைச் சொல்றேன், அங்க இது பெரிய சண்டையாவே ஆச்சு. அங்க வருமான வரி தவிர நேஷனல் இன்சூரன்ஸ்னு ஒண்ணு இருக்கு. 2017 மார்ச் 8 பட்ஜெட்ல நிதியமைச்சர் ஃபிலிப் ஹாம்மண்ட், ஊழியர் 12 சதவீதம் கட்டறார், சொந்தத் தொழில்காரர் 9தான் கட்டறார், அதை 10, அப்புறம் 11னு ஏத்தறேன்னார். 2015 தேர்தல் அறிக்கைல நேஷனல் இன்சூரன்ஸ் ஏத்த மாட்டோம்னு அவங்க கட்சியே எழுதியிருந்தது, சொந்தக் கட்சி எம்பிக்களே புடிச்சுக்கிட்டாங்க, ஒரே வாரத்துல மார்ச் 15 அன்னிக்கு வாபஸ். 2024 ஏப்ரல்லேர்ந்து ரெண்டையும் குறைச்சு ஊழியருக்கு 8, தொழில்காரருக்கு 6 ஆக்கிட்டாங்க. ஆனா பெரிய வித்தியாசம் வேற இடத்துல, ஊழியருக்காக முதலாளி கட்டற பங்கு 2025 ஏப்ரல்லேர்ந்து 15 சதவீதம், தொழில்காரருக்கு அப்படிக் கட்ட ஆளே இல்ல. அதனால கம்பெனிக்கு ஊழியரை விட கான்ட்ராக்ட் ஆள் மலிவு. நம்ம ஊர்ல பிஎஃப் பட்ஜெட் வரிக்குள்ள வராததால இந்தச் சண்டை பட்ஜெட் அன்னிக்கு நடக்கறதில்ல, ஹெச்ஆர் ரூம்ல சத்தமில்லாம நடக்குது.

இந்த வருஷம் நடுவுல வேலைய விட்டுட்டு ஃப்ரீலான்ஸ் ஆரம்பிச்சேன். எப்படிப் போடறது?

ரெண்டையும் ஒரே ரிட்டர்ன்ல போடலாம். வேலை பாத்த மாசங்களோட சம்பளத்துல 75,000 முழுசாவே கழிச்சுக்கலாம், மாசக் கணக்குக்கு வெட்ட மாட்டாங்க. ஃப்ரீலான்ஸ் வரவுல 44ஏடிஏ போட்டு பாதி. ரெண்டையும் கூட்டி 12 லட்சத்துக்குள்ள வந்தா வரி இல்ல. மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள்ளன்னா பொதுவா ஐடிஆர்-4 போதும், ஷேர் ட்ரேடிங் மாதிரி வேற ஏதாவது இருந்தா ஐடிஆர்-3. பழைய கம்பெனி ஃபார்ம் 16 வாங்கி வெச்சுக்கோங்க, 26ஏஎஸ்ல (உங்க பேன் நம்பர்ல ஏறின வரிக் கணக்கு) கிளையன்ட் புடிச்ச டிடிஎஸ் ஏறியிருக்கான்னு பாருங்க, ஏறலன்னா கிளையன்ட்டுக்கு இப்பவே போன் போடுங்க, ஜூலை மாசம் போட்டா எடுக்க மாட்டாங்க.